மேலதிகாரியும் மறை காத்தலும்

பெருங்குடி முற்காலத்துச் சிற்றூர்; இன்றோ இராஜீவ் காந்தி சாலையை அடுத்துக் கணினித் தொழிலகங்கள் நிரம்பிய நகர்ப்பகுதி. 2011ஆம் ஆண்டில் அது சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பெற்றது. அங்கே ஒரே கட்டடத்திற் பல கம்பெனிகள் இயங்குகின்றன; ஒன்றை விட்டு நீங்கியவர் அடுத்ததிற் சேர்தலும் இயல்பு. ஆதலின், ஓர் ஊழியரைப் பற்றி ஓரிடத்தில் வெளிப்பட்ட செய்தி, அவருக்கு முன்னரே மற்றோரிடஞ் சென்று சேர்தல் கூடும். நம் கல்லூரி மாணவருள்ளும் பலர் இத்தகைய இடங்களை நாடுவராகலின், இப்பொருளை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஊழியரின் மறை மேலதிகாரியிடம் மூவகையாற் சேரும். சம்பளம் முதலியன பதவி காரணமாகத் தெரிவன. நோய், குடும்ப இடர் முதலியன விடுப்பு வேண்டி ஊழியரே உரைப்பன. மூன்றாவது, ஒருவர் மீது மற்றொருவர் கொணரும் முறையீடு. இவற்றுள் யாதொன்றும் மேலதிகாரியின் உடைமையன்று, அடைக்கலப் பொருளேயாம். எதன்பொருட்டுப் பெற்றாரோ அதன்பொருட்டன்றி அதனைப் பயன்படுத்தலாகாது. உடன் பணிபுரிவோர்க்கு, 'அவர் பத்து நாள் வாரார்' என்பதே போதும். நோயின் பெயர் வேண்டா.

1997ஆம் ஆண்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்று இதனை விளக்கும். எச்.ஐ.வி. தொற்று உண்டென்பதால், உடல் வலிமை குன்றாத தொழிலாளி ஒருவருக்குப் பொதுத்துறை நிறுவனமொன்று வேலை மறுத்தது. அம்மறுப்புச் செல்லாதென நீதிமன்றம் தீர்த்தது. அவர் பெயரை மறைத்து, எழுத்துக் குறிகளாலேயே வழக்கை நடத்தவும் இசைந்தது. பெயர் வெளிப்படின், வழக்கில் வென்றும் ஊரில் தோற்க நேரும் அன்றோ? பின்னர் 2017இல் இயற்றப்பெற்று, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, இசைவின்றி ஒருவரது தொற்றினை வெளிப்படுத்தலைத் தடை செய்தது.

பணியிடத்தில் மகளிர்க்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் இத்தகையதே. முறையிட்டவர், முறையிடப்பட்டவர், சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தையும் விசாரணைச் செய்திகளையும் வெளியிடலாகாதென்பது அதன் 16ஆம் பிரிவு. விசாரிக்குங் கடமையுடையார் இதனை மீறின், பணி விதிகளின்படி தண்டம் உண்டு; அவ்விதிகள் இல்லாவிடத்துத் தண்டம் 5,000 ரூபாய்.

தண்டம் சிறிது, இழப்போ பெரிது. ஒரு பெண்ணின் முறையீடு தேநீர் வேளைப் பேச்சாகிவிடின், அதனைக் கேட்ட மற்றொருத்தி தன் துன்பத்தை எவரிடமும் உரையாள். தீங்கு செய்தவனுக்கு அம்மௌனமே அரணாகும்.

மறை காத்தல் குற்றத்தை மூடுதலாகாதோ எனின், ஆகாது. தீர்க்கும் பொறுப்புடையாரிடம் உரைத்தல் கடமை. பொறுப்பற்றாரிடம் உரைத்தல் புறங்கூறல். வள்ளுவர் புறங்கூறாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். நீதிமொழிகளின் 11ஆம் அதிகாரமும் மறை காப்பவனையே உண்மையுள்ளவனாகக் காட்டுகின்றது.

நாளை நம்மவருட் சிலரும் மேலதிகாரிகளாவர். பதவி நமக்கு அளிப்பது கேட்டறியும் உரிமையே, பரப்பும் உரிமையன்று. 'இதனைக் கேட்பவர்க்கு இதனாற் செய்யத்தக்க கடமை யாது?' என்று வாய்திறக்குமுன் வினவுவோமாக. விடை இல்லையெனின், வாளா இருத்தலே அறமாம்.