கற்றுக்கொண்டே கற்பிக்கும் மருந்தாளுநர்

நம் அன்பர்களின் மக்கள் சிலர் இந்நாளில் பார்ம்.டி. வகுப்பில் பயில்கின்றனர். 2008-ஆம் ஆண்டு விதிகளால் இந்தியாவிற்கு வந்த இப்படிப்பு ஆறு ஆண்டுக் காலத்தது. ஐந்தாண்டு பாடம், இறுதியாண்டு ஆஸ்பத்திரிப் பயிற்சி. அப்பயிற்சியிலுள்ள இளைஞர் ஒருவரே தம் மகளுக்கு வார்டில் பாடம் சொல்லுகிறார் எனக் கேள்வியுற்ற அன்பர் ஒருவர், "அரைவேக்காட்டுச் சோற்றைப் பந்தியில் வைக்கலாமா?" என்று நம்மிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

குறை நியாயமற்றதன்று. ஆயினும் பயில்பவரைக் கற்பிக்க வைப்பது ஆராயாமற் செய்த ஏற்பாடுமன்று. அமெரிக்காவில் பட்டம் பெற்ற மருந்தாளுநர் பலர் 'ரெஸிடென்ஸி' என்னும் ஓராண்டு மேற்பயிற்சி பெறுகின்றனர். நோயாளிகளைக் கவனிப்பதோடு கற்பிக்கும் திறனும் அப்பயிற்சியின் அங்கமாகும். சிலர் கல்லூரியில் விரிவுரை நிகழ்த்துகின்றனர். சிலர் ஒரு விருப்பப் பாடத்தையே வகுத்து, வினாத்தாளும் அமைத்து நடத்துகின்றனர். நேரே சொல்லுதல், செய்து காட்டுதல், அருகிருந்து செய்வித்தல், விலகி நின்று செய்யவிடுதல் என ஆசிரியப் பணியை நான்காகப் பகுத்து அவர்களுக்குப் பழக்குகின்றனர். (நான்காவதே கடினம், கை பரபரக்குமல்லவா?)

இதனால் விளையும் பயன் யாது? இன்சுலினை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் கொண்ட குப்பியும் உண்டு. 100 யூனிட் கொண்ட குப்பியும் உண்டு. ஸிரிஞ்சும் அவ்வாறே இருவகை: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40-க்குரிய ஸிரிஞ்சில் 20-ஆம் கோடுவரை இழுத்தால் வருவது அரை மில்லி. அதாவது 50 யூனிட்! இரண்டரை மடங்கு மருந்து ஏறினால் நோயாளி மயங்கி விழுவார். உயிருக்கே ஆபத்து நேரலாம். நெடுநாள் அனுபவமுள்ள பேராசிரியருக்கு இது கண்ணை மூடிக்கொண்டு போடும் கணக்கு. மாணவர் எங்கே இடறுவர் என்பது அவருக்கு மறந்தே போயிருக்கும். சென்ற ஆண்டு தாமே இடறிய இளைஞரோ அவ்விடத்தில் நின்று நிதானித்துச் சொல்லுவார்.

ஆனால் அவரே தவறாகக் கற்றிருந்தால்? அத்தவறு வகுப்பிலுள்ள இருபது பேருடன் இருபது ஆஸ்பத்திரிகளுக்குப் போய்ச் சேரும். ஆதலின் மூத்த ஆசிரியர் ஒருவர் பாடக் குறிப்பை முன்னரே பார்வையிட்டு, வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து கேட்டு, குறைகளைப் பின்னர்த் தனியே அழைத்துச் சொல்லவேண்டும். அவ்வாறு ஒருவர் இல்லாத இடத்தில், பயிற்சியாளரைக் கற்பிக்க விடுவது ஆசிரியர் பற்றாக்குறையை மூடும் போர்வையே என்பது நம் கருத்து.

பின்வரிசையில் அமர்பவர் யார் எனக் கல்லூரியில் விசாரித்து வருவதாக அன்பர் சொல்லிச் சென்றிருக்கிறார்.