லீவு நாள்... ஒரு நோட்டு... ஒரு குச்சி!

குழந்தைகளே! அரையாண்டுத் தேர்வு முடிந்து லீவு விட்டாச்சு. முதல் இரண்டு நாள் ஜாலியாகப் போகும். மூன்றாவது நாள் காலையிலேயே, "அம்மா, போரடிக்குது!" என்று ஆரம்பித்துவிடுவீர்கள், இல்லையா?

ஆடலூர்ப் பிள்ளைகளுக்கு இந்தக் கஷ்டம் இன்னும் கொஞ்சம் கூடுதல். ஆடலூர் எங்கே இருக்கிறது தெரியுமா? திண்டுக்கல் மாவட்டத்தில், கீழ்ப்பழனி மலையில் இருக்கிறது. பன்றிமலை, தாண்டிக்குடி எல்லாம் அக்கம்பக்கத்து ஊர்கள். காபி, மிளகு, ஆரஞ்சு, மலைவாழை, சௌசௌ விளைகிற பூமி. மார்கழி, தை மாதங்களில் அங்கே காபிப் பழம் பறிக்கும் காலம். அப்பா, அம்மா விடிந்ததும் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். யானையும் காட்டுமாடும் நடமாடும் மலை என்பதால் பிள்ளைகள் இஷ்டத்துக்கு ஊர் சுற்றவும் முடியாது. மாலையானால் பனிமூட்டம் வந்து எதிர்வீட்டைக்கூட மறைத்துவிடும்.

அப்படியானால் வீட்டு வாசலிலேயே ஒரு நாளை எப்படிக் கழிப்பது? கழிக்கலாம். அதற்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று, பென்சில், அளவுகோல், நேரான குச்சி ஒன்று. இவ்வளவு போதும். சமவெளியில் இருக்கும் பிள்ளைகளும் இதையெல்லாம் செய்யலாம்.

காலை: பதினைந்து நிமிடம் பறவை

காலையில் வெயில் வந்ததும் வாசலில் உட்காருங்கள். கடிகாரத்தைப் பார்த்துச் சரியாகப் பதினைந்து நிமிடம். கண்ணில் படுகிற எல்லாப் பறவைகளையும் எண்ணி எழுதுங்கள். காகம் 6, மைனா 4, கரிச்சான் 1, தேன்சிட்டு 2 என்று. "காகம்தானே!" என்று விட்டுவிடக் கூடாது. காகமும் கணக்கில் சேர்த்தி. பெயர் தெரியாவிட்டால் என்ன அளவு, என்ன நிறம், வாலை என்ன செய்தது என்று எழுதினால் போதும்.

ஓடை ஓரத்திலோ ஈரமான பாதையிலோ, வயிறு மஞ்சளாக, நீண்ட வாலை மேலும் கீழும் ஆட்டியபடி ஒரு சின்னப் பறவை நடந்தால் நன்றாகப் பாருங்கள். அது சாம்பல் வாலாட்டி. இமயமலையிலும் அதற்கு வடக்கே உள்ள நாடுகளிலும் கூடு கட்டும் பறவை. அங்கே பனி கொட்டும் முன்பே கிளம்பி நம் மலைகளுக்கு வந்து, குளிர்காலத்தை இங்கே கழித்துவிட்டு, கோடையில் திரும்பிவிடும். உங்களைப் போல அதுவும் லீவுக்கு வந்த விருந்தாளிதான்!

இப்படி எண்ணுவது வெறும் விளையாட்டு என்று நினைக்காதீர்கள். 2015-ஆம் ஆண்டு முதல் பொங்கல் விடுமுறை நாட்களில், 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' தமிழ்நாட்டில் நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் பார்த்து எண்ணி, 'ஈ-பேர்ட்' என்ற இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். சின்னவர், பெரியவர் யாரும் சேரலாம். உங்கள் ஆசிரியரோ, வீட்டில் பெரியவர்களோ உதவினால் ஆடலூர் வாசலில் நீங்கள் எண்ணிய வாலாட்டியும் அந்தக் கணக்கில் ஏறும். நகரத்தில் இருக்கும் பெரிய விஞ்ஞானி, உங்கள் வாசலுக்கு வந்து தினமும் எண்ண முடியுமா? அங்கே இருப்பவர் நீங்கள்தான்!

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பார்க்காததை எழுதக் கூடாது. பதினைந்து நிமிடத்தில் ஒன்றுமே வரவில்லையா? "ஒன்றும் வரவில்லை" என்று தேதி போட்டு எழுதுங்கள். அதுவும் ஒரு செய்திதான்.

முற்பகல்: 35 பழம், 70 முத்து

வீட்டில் பறித்துவந்த காபிப் பழம் இருந்தால், பெரியவர்களிடம் கேட்டுவிட்டு ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்ளுங்கள். சிவந்த பழத்தைப் பிதுக்கினால் வழவழவென்று இரண்டு கொட்டைகள் வெளியே வரும். தட்டைப் பக்கங்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி ஒட்டியிருக்கும்.

சில பழங்களில் மட்டும் உருண்டையாக ஒரே கொட்டை இருக்கும். அதற்குப் 'பீபெரி' என்று பெயர். பொதுவாக நூறு பழத்துக்கு ஐந்து முதல் பத்து வரை இப்படி இருக்கும் என்பார்கள். உங்கள் வீட்டுப் பழத்தில் எத்தனை? எண்ணி எழுதுங்கள். வகுப்பில் 'சதவீதம்' என்று படித்தீர்களே, அது இதுதான்!

இரண்டு கொட்டை உள்ள பழங்கள் 35 இருந்தால் 70 கொட்டைகள் கிடைக்கும். கழுவி வெயிலில் காயவையுங்கள். மாலையில் வேலை இருக்கிறது.

நடுப்பகல்: நிழல் சொல்லும் சேதி

மலையில் சமமான இடம் கிடைப்பது அரிது. காபி காயவைக்கும் களம் இருந்தால் நல்லது. அங்கே ஒரு மீட்டர் உயரத்துக்கு, அதாவது 100 செ.மீ. வெளியே நிற்கும்படி குச்சியை நிறுத்துங்கள். மண் நிரப்பிய டப்பாவில் ஊன்றலாம். தரையிலிருந்து குச்சியின் நுனி வரை 100 செ.மீ. வர வேண்டும். நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, குச்சி அதற்கு இணையாக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

12.10 மணியிலிருந்து 12.40 வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். நிழல் மிகவும் குட்டையாக இருக்கும் நேரமே உங்கள் ஊருக்கு உண்மையான உச்சிப்பொழுது. அது சரியாக 12 மணிக்கு வராது! ஏன் தெரியுமா? இந்தியா முழுமைக்கும் நம் கடிகாரம், உத்தரப்பிரதேசத்தில் மிர்சாபூர் அருகே செல்லும் 82½ டிகிரி தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. ஆடலூர் அதற்கு ஏறக்குறைய ஐந்து டிகிரி மேற்கே இருக்கிறது. ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம். ஆகவே சூரியன் நம் உச்சிக்கு வரச் சுமார் 20 நிமிடம் தாமதம். இதிலும் மாதத்துக்கு மாதம் சில நிமிடங்கள் கூடும், குறையும்.

இப்போது அந்தக் குட்டை நிழலை அளந்து பாருங்கள். டிசம்பர் 22 வாக்கில் ஏறக்குறைய 67 செ.மீ. இருக்கும். பொங்கலன்று அளந்தால் 61 அல்லது 62 தான் இருக்கும். ஐந்து செ.மீ. குறைந்துவிட்டது! சூரியன் வடக்கு நோக்கித் திரும்பிவிட்டது என்பதை யாரும் சொல்லாமலே உங்கள் குச்சி சொல்லிவிட்டது. ஜூன் 21 அன்று அளந்தால் சுமார் 23 செ.மீ. தான் வரும். அதுவும் எதிர்ப்பக்கம், தெற்கே விழும். நடுவில் ஏப்ரல் மாதம் 17-ஆம் தேதியை ஒட்டியும், ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் உச்சிப்பொழுதில் நிழலே இருக்காது!

"குளிர்காலத்தில் சூரியன் தூரமாகப் போய்விடுகிறது, அதனால்தான் குளிர்கிறது" என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. ஜனவரி முதல் வாரத்தில்தான் சூரியன் நமக்கு மிக அருகில், சுமார் 14 கோடியே 71 லட்சம் கி.மீ. தூரத்தில் இருக்கிறது. ஜூலையில் அது 15 கோடியே 21 லட்சம் கி.மீ. ஆகிவிடும். பிறகு ஏன் குளிர்? இப்போது வெயில் நம் மீது சாய்வாக விழுகிறது. பகல்பொழுதும் குறைவு. சாய்வு எவ்வளவு என்பதைத்தான் அந்த 67 செ.மீ. காட்டுகிறது.

இன்னொன்று. சூரியனை ஒருபோதும் நேராகப் பார்க்காதீர்கள். கண் கெட்டுவிடும். ஓர் அட்டையில் ஊசியால் சிறு துளை போடுங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, துளை வழியே வரும் வெளிச்சத்தை நிழலில் இருக்கும் வெள்ளைத் தாளில் விழச் செய்யுங்கள். அட்டைக்கும் தாளுக்கும் இரண்டு மீட்டர் இடைவெளி இருந்தால், ஏறக்குறைய 1.85 செ.மீ. அகலத்தில் ஒரு வெளிச்ச வட்டம் விழும். அது துளையின் உருவம் அல்ல, சூரியனின் உருவம்! 200 செ.மீ.-ஐ 1.85-ஆல் வகுத்தால் சுமார் 108. சூரியன் இருக்கும் தூரம் 15 கோடி கி.மீ. அதையும் 108-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 14 லட்சம் கி.மீ. வரும். ஓர் ஊசித் துளையை வைத்தே சூரியனின் அகலத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்!

மரத்தடியில் இலைகளின் இடுக்கு வழியே விழும் வட்டங்களும் இப்படித்தான் உண்டாகின்றன. 2019 டிசம்பர் 26 அன்று வளைய சூரிய கிரகணம் வந்தது. திண்டுக்கல்லிலும் தெரிந்தது. இப்படியொரு வேளையில் மரத்தடி வட்டங்களும் வளையல் வளையலாக மாறிவிடும்.

கொடைக்கானலுக்கு வந்த பொழுதுபோக்கு

சூரியனைக் கவனித்து எழுதி வைப்பது பழனி மலைக்குப் புதிதல்ல. கொடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது அல்லவா? 1899-இல் தொடங்கியது. 1901-இல் ஆராய்ச்சி வேலைகள் ஆரம்பமாயின. 1904 முதல் அங்கே சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்து வருகிறார்கள். மேகம் மூடிய நாளில் படம் இல்லை. மேகம் விலகிய நாளில் மறுபடி படம். இப்படியே நூறு ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. சூரியன் எப்படியெல்லாம் மாறுகிறது என்று அறிய, உலக விஞ்ஞானிகளுக்கு இந்தப் படங்கள் ஒரு புதையல்.

அங்கே பணியாற்றியவர்களில் ஒருவர் ஜான் எவர்ஷெட். இங்கிலாந்தில் அவருக்கு ஒரு நிறுவனத்தில் காகிதம், மை ஆகியவற்றைப் பரிசோதிக்கும் வேலை. வானத்துக்கும் அந்த வேலைக்கும் சம்பந்தமே இல்லை! ஓய்வு நேரத்தில் தானே கருவிகள் செய்து சூரியனை ஆராய்வது அவருடைய பொழுதுபோக்கு. அந்தப் பொழுதுபோக்கே அவரை 1907-இல் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. 1909 ஜனவரியில், அதே குளிர்காலத்தில், சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்று அவர் கண்டுபிடித்தார். அதற்கு 'எவர்ஷெட் விளைவு' என்றே பெயர். இன்றும் உலகம் முழுவதும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது.

மாலை: பனி மூடினால் பல்லாங்குழி

பனிமூட்டம் இறங்கிவிட்டதா? கதவைச் சாத்திக்கொண்டு பாட்டியைக் கூப்பிடுங்கள். பல்லாங்குழிப் பலகை இல்லையென்றால் தரையில் சாக்பீஸால் வரிசைக்கு ஏழாக 14 வட்டம் போடுங்கள். குழிக்கு ஐந்து வீதம் 70 முத்து வேண்டும். காலையில் காயவைத்த காபிக் கொட்டை இருக்கிறதே!

ஒரு குழியில் உள்ளதை எடுத்து, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். கை காலியானதும் அடுத்த குழியில் உள்ளதை எடுத்துத் தொடருங்கள். அடுத்த குழி காலியாக இருந்தால், அதற்கு அடுத்த குழியில் இருப்பது உங்களுக்கு. ஆட்டம் நின்றுவிடும். இந்த முறைப்படி முதல் ஆட்டக்காரருக்கு எத்தனை முத்து கிடைக்கும்? ஆடிப் பார்த்து எழுதுங்கள். 7 வந்தால் சரி. வேறு குழியில் தொடங்கிப் பாருங்கள். அப்போதும் 7! எந்தக் குழியில் தொடங்கினாலும் 7 தான். ஏன்? இதைப் பாட்டியோடு சேர்ந்து யோசியுங்கள்.

நோட்டை மூடும் முன்

படுக்கப் போகும் முன் நோட்டைத் திறங்கள். தேதி, நேரம், இடம், பார்த்தது, எண்ணிக்கை என்று ஐந்து கட்டம் போடுங்கள். நாள் முழுக்க மேகமாக இருந்து நிழலே விழவில்லை என்றால், "மேகம்" என்று எழுதுங்கள். நேற்றைய கணக்கைப் பார்த்து இன்றைக்கு நிரப்பிவிடக் கூடாது. பக்கத்து வீட்டு அண்ணன் 12 வாலாட்டி பார்த்தார் என்பதற்காக உங்களுடைய ஒன்றை அழித்து 12 ஆக்கவும் கூடாது. ஒரே ஒரு பொய் எண் நுழைந்துவிட்டால், மற்ற நாளெல்லாம் நீங்கள் உண்மையாக எழுதியதும் யாருக்கும் பயன்படாமல் போய்விடும். உண்மையாக எழுதிய நோட்டுக்கு வயது ஏற ஏற மதிப்பு ஏறும்.

லீவு முடிந்தாலும் நோட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கோடை மழை பெய்த தேதி, அதன்பின் காபிச் செடி வெள்ளை வெளேரென்று பூத்த தேதி, வாலாட்டி கடைசியாகக் கண்ணில் பட்ட தேதி என்று தொடர்ந்து எழுதுங்கள். கொடைக்கானலின் உயரமான மலைச்சரிவுகளில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை குறிஞ்சி பூக்கிறது. 2006-இல் பூத்தது. 2018-இல் பூத்தது. அடுத்து 2030-இல் பூக்க வேண்டும். அப்போது உங்களுக்கு என்ன வயது? கணக்குப் போட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்போதே எழுதி வையுங்கள். பூத்த தேதியை அதற்குக் கீழே எழுதிக்கொள்ளலாம்!