வானில் ஒரு புள்ளிக் கோலம்

திருவிழா இரவில் நாம் கண்டு மகிழும் வாணம், மேலே சென்று வெடித்துப் புகையாய் மறைகிறது. ஏறிய ஒளி சிதறாது நின்று, வேண்டிய உருவங்களாக மாறுமாயின் எவ்வளவு வியப்பாயிருக்கும்! அவ்வியப்பை 2022 ஜனவரி 29 அன்று புது தில்லி விஜய் சௌக்கில் மக்கள் கண்டனர். படைகள் பாசறை திரும்பும் விழாவில் 1000 ட்ரோன்கள் பத்து நிமிடம் ஒளியுருவங்களைத் தீட்டின. தில்லி ஐ.ஐ.டி.யில் பயின்றவர்கள் தொடங்கிய பாட்லேப் டைனமிக்ஸ் என்ற நிறுவனம் அதனை நிகழ்த்தியது.

இதன் நுட்பம் யாது? நம் வாசற்கோலத்தை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு ட்ரோனும் ஒரு புள்ளி. அதன் அடியில் நிறம் மாறும் விளக்கு. எப்புள்ளி எந்நொடியில் எங்கு நிற்கவேண்டும் என்பதைக் கணிப்பொறி முன்னரே வகுத்துவிடுகிறது. செயற்கைக்கோள் காட்டும் இடக்குறிப்பில் சில மீட்டர் பிழை நேரலாம்; நெருங்கிப் பறப்பவை மோதிக்கொள்ளும். ஆகவே, தரையில் நிலையாக நிறுவிய கருவியொன்று அப்பிழையைக் கணித்து அறிவிக்க, அது சில சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. மின்கலம் விரைவில் தீர்வதால் காட்சியும் குறுகியதே.

ஆயினும், 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஆர்லண்டோ நகரில் ட்ரோன்கள் கூட்டத்தில் வீழ்ந்து, ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் கடுங்காயமுற்றான். கடற்காற்று வீசும் நம் காரைக்காலில் இத்தகைய காட்சி நிகழுமாயின், முதலிற் கேட்கவேண்டியது ட்ரோன்களின் எண்ணிக்கையன்று; அவை பறக்கும் வெளிக்கும் மக்களுக்கும் இடையே எவ்வளவு தொலைவு என்பதே. அங்கே கட்டிய கயிற்றைத் தாண்டாதீர்கள். அதுவும் அவ்விஞ்ஞானத்தின் ஒரு பகுதியே.