இசை நிகழ்ச்சி டிக்கெட்: கூடுதல் கட்டணமும் கேட்கப்படாத உரிமையும்

பெரிய இசை நிகழ்ச்சிகளுக்கு இணையத்தில் டிக்கெட் வாங்குவோர், முதல் திரையில் கண்ட விலை கடைசித் திரையில் ஏறியிருப்பதைப் பார்த்தும் பேசாமல் செலுத்துவதும், நிகழ்ச்சி குலைந்தபின் ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்னும் நிபந்தனையைச் சட்டமாகவே எண்ணி ஒதுங்கிவிடுவதும் வழக்கமாகிவிட்டன. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஏ.ஆர். ரஹ்மான் நிகழ்ச்சியில், டிக்கெட் இருந்தும் நெரிசலால் உள்ளே நுழைய முடியாமல் திரும்பியோரின் கோபம் சமூக ஊடகங்களை நிறைத்தது. ஆனால் அங்கு எழுதப்படும் பதிவு எதுவும் சட்டத்தின் கண்ணில் புகார் ஆகாது.

ஒரு நிகழ்ச்சியின் டிக்கெட் முழுவதையும் ஒரே நிறுவனம் விற்கும்போது, வாங்குபவருக்கு வேறு கவுண்ட்டர் இல்லாததால் கட்டணம் தடையின்றி ஏறுகிறது. அமெரிக்காவில் 2010-இல் ஒன்றிணைந்த லைவ் நேஷன், டிக்கெட்மாஸ்டர் நிறுவனங்களைப் பிரிக்கக் கோரி அந்நாட்டு அரசின் நீதித் துறை 2024 மே மாதம் வழக்குத் தொடுத்தது. இந்தியாவில், திரைப்பட டிக்கெட் விற்பனை தொடர்பாக புக்மைஷோ மீது விசாரணை நடத்த இந்தியப் போட்டி ஆணையம் 2022-இல் உத்தரவிட்டது. எனினும் அந்த ஆணையத்தின் வேலை சந்தையைச் சீர்செய்வதாகும். தனிநபர் இழந்த தொகையை மீட்பதற்குரிய வழி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 ஆகும்.

விலையின் ஒரு பகுதியை முதலில் மறைத்துப் பின்னர் சிறிது சிறிதாகச் சேர்ப்பதையும், கேட்காத நன்கொடையையோ காப்பீட்டையோ பட்டியலில் நுழைப்பதையும், ‘டார்க் பேட்டர்ன்’ எனப்படும் ஏமாற்றுத் திரை வடிவமைப்புகளாக வகுத்து 2023 நவம்பரில் வெளியான வழிகாட்டு நெறிமுறைகள் தடை செய்கின்றன. இதை மெய்ப்பிக்க முதல் திரை, கடைசித் திரை இரண்டின் ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டும். பணம் செலுத்திய பின் முதல் திரையை மீண்டும் பெற இயலாது என்பதால், செலுத்துவதற்கு முன்பே அவற்றை எடுத்து வைக்க வேண்டும்.

புகாரை முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அடுத்ததாகத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதியலாம். அது சமரசம் பேசும் அமைப்பே அன்றி ஆணையிடும் அமைப்பன்று. அங்கு பதிந்துவிட்டுக் காத்திருப்போர், வழக்குக்குரிய இரண்டாண்டுக் காலவரம்பு அதனால் நின்றுவிடுவதில்லை என்பதை மறந்துவிடுகின்றனர்.

தீர்வு வராவிடில், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும், நேரிலோ இ-ஜாக்ருதி தளத்திலோ வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை எனில் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. புகார் மனு, பிரமாணப் பத்திரம், டிக்கெட், பணம் செலுத்திய சான்று, மின்னஞ்சல் பரிமாற்றம் ஆகியவற்றோடு, ஸ்கிரீன்ஷாட்டுகளுக்குச் சாட்சியங்களுக்கான சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவின்படியான சான்றிதழையும் இணைப்பது பாதுகாப்பானது. மனுவில் ‘சேவைக் குறைபாடு’, ‘நேர்மையற்ற வணிக நடைமுறை’ ஆகியவற்றையே குறிப்பிட வேண்டும். ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்னும் முறையீட்டை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்திலிருந்தே தொடங்குவதால், அதை மாவட்டத்தில் எழுப்பினால் மனு தடைபடக்கூடும்.

ஒரே வகையில் பலர் பாதிக்கப்பட்டிருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடமே புகார் அளிக்கலாம். அதை ‘எங்கள் துறை அன்று’ என்று திருப்பி அனுப்பும் அலுவலகம் தன் சட்டக் கடமையை மறுக்கிறது. பிரிவு எண்ணை மனுவின் தலைப்பிலேயே எழுதி, ஒப்புகைச் சீட்டுப் பெறாமல் அங்கிருந்து நகரக் கூடாது.

டிக்கெட் தீர்ந்தவுடன் முன்பின் அறியாதவரிடம் பல மடங்கு விலைக்கு வாங்குவோருக்கு இவ்வழிகள் பெரும்பாலும் பயன்படுவதில்லை. போலி டிக்கெட்டால் ஏமாந்தோர் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணைத் தாமதமின்றி அழைத்தால்தான் பணம் கைமாறுவதைத் தடுக்கும் வாய்ப்பு உண்டு. எவ்வழியாயினும் ஆதாரம் செலுத்துவதற்கு முன்பே எடுக்கப்பட வேண்டும். இரண்டாண்டு கடந்த புகார், தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டப்பட்டாலன்றி ஏற்கப்படாது.