பைன் அசுவினியின் சர்க்கரைக் கணக்கு

பெர்லினில் வசிக்கும் வாசகி ஒருவர் பைன் கிளையின் படம் அனுப்பி, "எறும்புக் கூட்டத்துக்கு நடுவே இருப்பது சிலந்தியா?" என்று கேட்டிருக்கிறார். அது அசுவினி. நம் அவரைக்கொடியில் அப்பும் பூச்சிக்குச் சொந்தம்தான். ஆனால் 5 மில்லிமீட்டர் வரை வளரும், பின்னங்கால்கள் நீளம். அதுதான் சிலந்திபோலத் தெரிகிறது.

ஸ்காட்ஸ் பைன் மரத்தில், பூச்சி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். ஊசியிலையில் சாம்பல் மெழுகு பூசி வரிசையாக இருந்தால் ஸ்கிசோலாக்னஸ். ஒல்லியாக இருந்து, தொட்டதும் ஓட்டமெடுத்தால் யூலாக்னஸ். இவ்விரண்டையும் எறும்புகள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. இளங்கிளையின் பட்டையில் தடித்துப் பழுப்பாக, முதுகின் பின்பக்கம் இரண்டு கரிய குமிழ்களோடு இருப்பது சினாரா. எறும்பு தேடி ஏறுவது இதைத்தான். படத்தில் நெஞ்சு சிவந்து வயிறு கறுத்திருப்பவை ஃபார்மிகா எறும்புகள். ஊசியிலைகளைக் குவித்துப் புற்றுக் கட்டுபவை. அவற்றில் எந்த வகை என்று சொல்ல, உடம்பிலுள்ள மயிரை உருப்பெருக்கியில் பார்த்தாக வேண்டும்.

என்னை வியக்க வைப்பது சினாராவின் வயிறு. மரச்சாற்றில் சர்க்கரை மிகுதி, புரதச்சத்து சொற்பம். போதிய சத்துக்காகச் சாற்றை ஓயாமல் குடிக்க வேண்டும். ஆனால் அச்சாறு பூச்சியின் உடல்நீரைவிட அடர்த்தியானது. உப்பில் போட்ட மாங்காய்த் துண்டு நீர்விட்டுச் சுருங்குமே, அப்படிப் பூச்சியின் உடல்நீரும் குடலுக்குள் இழுக்கப்பட்டுவிடும். இதற்கு அசுவினி ஒரு வழி வைத்திருக்கிறது: சிறு சர்க்கரை மூலக்கூறுகளைக் கோத்துப் பெரிய மூலக்கூறுகளாக்கிவிடுகிறது. எண்ணிக்கை குறைந்தால் இழுவிசையும் குறையும். அப்படி உருவாகும் ஒன்று மெலிசிடோஸ். அது கழிவோடு துளியாக வெளியேறுகிறது. எறும்புகளுக்கோ அதன்மேல் தனி ஆசை. உணர்கொம்பால் அசுவினியைத் தட்டும், துளி வரும், உறிஞ்சும். பதிலுக்குப் பொறிவண்டு நெருங்கினால் விரட்டியடிக்கும்.

அசுவினியைக் கண்டதும் மருந்துக் குப்பியைத் தேடாதீர்கள். வளர்ந்த பைன் மரம் இந்தப் பூச்சியால் சாவதில்லை. புற்றையும் குச்சியால் கிளற வேண்டாம். இந்த எறும்புகள் இலைதின்னும் புழுக்களை வேட்டையாடிக் காட்டைக் காக்கின்றன. ஒரு காலத்தில் கூண்டுப் பறவைகளுக்குத் தீனியாக இவற்றின் கூட்டுப்புழுக்களை மூட்டைமூட்டையாக அள்ளினார்கள். இப்போது ஜெர்மனியில் இவை சட்டப் பாதுகாப்பு பெற்றவை.

எறும்புக்கு எட்டாத துளிகளைத் தேனீக்கள் எடுத்துச் செல்கின்றன. ஜெர்மனியில் வனத்தேன் என்று விற்பதில் பெரும்பங்கு இத்தகைய பூச்சித் துளிகளிலிருந்து வருவதுதான், பூந்தேன் அல்ல. மெலிசிடோஸ் மிகுந்தால் மட்டும் தேனடையிலேயே தேன் இறுகிப்போகும். அங்குள்ள தேனீ வளர்ப்போர் அதைச் சிமெண்ட் தேன் என்கிறார்கள். தேனடையை எவ்வளவு சுழற்றினாலும் தேன் இறங்காது.