வேண்டாத வரி

யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்து கிடந்த ஒரு கம்ப்யூட்டர் பிழை, ஏறக்குறைய 20 மாத காலம் யார் கண்ணிலும் படவில்லை. பிழை திருத்தும் கலையின் பலமும் பலவீனமும் அதில் அடக்கம்.

2006 மே மாதம் ஒரு தன்னார்வலர், ஒரு புரோகிராமில் இருந்த இரண்டு வரிகளைச் செயலிழக்கச் செய்தார். சதி எதுவும் இல்லை. வந்திருந்த புகாரைத் தீர்த்துவைக்க வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். ஒரு வரி போனதில் நஷ்டமில்லை. மற்றொன்று போனதில், அந்த புரோகிராம் அதன் பிறகு உண்டாக்கிய ரகசியச் சாவிகள் அனைத்தும் எளிதில் ஊகிக்கக்கூடியவை ஆகிவிட்டன. விஷயம் வெளியே வந்தது 2008 மே மாதத்தில்.

சம்பவம் நடந்த இடம் டெபியன். அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழக மாணவராக இருந்த இயன் முர்டாக் 1993இல் தொடங்கிய ஆபரேடிங் சிஸ்டம் அது. விண்டோஸுக்கு இருப்பது போல் இதற்கு முதலாளி கிடையாது. பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்குகிறார்கள். புரோகிராமர் எழுதிய மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம். உலகெங்கும் பரவியுள்ள உபுன்டுவும், இந்தியாவில் சி-டாக் நிறுவனம் வெளியிட்ட 'பாஸ்' என்ற சிஸ்டமும் டெபியன் மீது கட்டப்பட்டவையே.

பிழைகளுக்கென்று டெபியன் வைத்திருக்கும் பேரேடு, தாலுகா ஆபீஸ் மனுப் பதிவேட்டைப் போன்றதுதான். ஒரே வித்தியாசம், இதை யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். எந்த புரோகிராம், எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது என்ன ஆயிற்று என்று ஈமெயில் அனுப்பினால் புகாருக்கு ஓர் எண் கிடைக்கும். தீவிரத்தைப் பொறுத்து ஏழு படிகள் உண்டு. முதல் மூன்று படிகளில் அடங்கும் பிழைகள் புதிய வெளியீட்டையே தடுத்து நிறுத்தும் அளவுக்குக் கனமானவை. கடைசிப் படி பிழையே அல்ல. 'இப்படி இருந்தால் நன்றாக இருக்கும்' என்கிற ஆசை மட்டுமே. தீர்ந்துபோன புகாரும் தூக்கி எறியப்படுவதில்லை. புகார் எண்கள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன.

அவற்றில் ஒன்று 363516. 2006 ஏப்ரலில் பதிவானது. ஓப்பன் எஸ்.எஸ்.எல் என்ற புரோகிராம் பற்றிய புகார் அது. இணையத்தில் போகும் செய்திகளை ரகசியமாக்குவதும், அதற்கான சாவிகளைச் செய்து தருவதும் அதன் வேலை. நினைவகத்தில் நடக்கும் தவறுகளைக் கண்டுபிடிக்கும் 'வால்கிரைண்ட்' என்ற சோதனைக் கருவி, இதைப் பார்த்தபோதெல்லாம் கூச்சல் போட்டது. எழுதப்படாத ஸ்லேட்டிலிருந்து இந்த புரோகிராம் எதையோ படிக்கிறது என்பது கருவியின் புகார். தங்கள் சொந்த புரோகிராமில் பிழை தேடியவர்களுக்கு இந்த எச்சரிக்கைகள் பெரும் தொல்லையாக இருந்தன.

பொறுப்பாளர் தன்னிச்சையாகச் செயல்படவில்லை. இந்த இரண்டு வரிகளை எடுத்துவிடலாமா என்று ஓப்பன் எஸ்.எஸ்.எல் குழுவினரின் பொது விவாதத்திலேயே கேட்டார். பிழை தேட உதவும் என்றால் எடுத்துவிடலாம் என்ற பொருளில் பதில் வந்தது. அவர் கேட்டது எல்லோரும் பயன்படுத்தப் போகும் பதிப்புக்காக. வந்த பதிலோ சோதனையை மனதில் வைத்து வந்தது. இந்தச் சிறிய இடைவெளியில்தான் எல்லாம் நழுவியது.

ஒரு சாவி பலமாக இருக்க வேண்டுமானால், அதற்கு ஆதாரமான எண் யாராலும் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும். அதற்காக புரோகிராம் பல இடங்களிலிருந்து ஒழுங்கற்ற எண்களைத் திரட்டி, சீட்டுக்கட்டைக் கலைப்பது போல் கலைக்கிறது. திரட்டியதெல்லாம் உள்ளே போனது, நீக்கப்பட்ட வரிகளில் ஒன்றின் வழியாகத்தான். அது போனதும் மிஞ்சியது, இயங்கும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் கம்ப்யூட்டர் தருகிற அடையாள எண் மட்டுமே. வழக்கமாக அது 32,768ஐத் தாண்டாது. ஒரே ரகக் கம்ப்யூட்டரில், ஒரே வகையில், ஒரே நீளத்தில் எண்ணி முடியாத அளவுக்குச் சாவிகள் சாத்தியமாக இருக்க வேண்டிய இடத்தில், அதிகபட்சம் அவ்வளவே இருந்தன. பரவலாகப் புழங்கும் சாவிகளையெல்லாம் சில மணி நேரத்தில் கணக்கிட்டு அடுக்கிவிடலாம்.

கோளாறான பதிப்பு 2006 செப்டம்பர் 17 அன்று டெபியனின் சோதனைப் பிரிவுக்குள் நுழைந்தது. 2007 ஏப்ரலில் வந்த நான்காம் வெளியீட்டிலும் இடம்பெற்றது. உபுன்டுவுக்கும் தொற்றியது. யாரும் முணுமுணுக்கவில்லை. காரணம் எளியது. பூட்டு பூட்டியது, சாவி திறந்தது. புகார் செய்ய வேண்டுமானால் ஏதாவது ஓடாமல் நிற்க வேண்டும். இங்கே எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

அர்ஜென்டினாவைச் சேர்ந்த டெபியன் உறுப்பினர் லூசியானோ பெல்லோ கோளாறைக் கண்டுபிடித்தார். 2008 மே 13 அன்று எச்சரிக்கை வெளியானது. புரோகிராமைச் சரி செய்ய ஒரு வரியைத் திரும்பப் போட்டால் போதும். ஆனால் ஏற்கெனவே உருவான சாவிகளை எந்தத் திருத்தமும் பலப்படுத்தாது. அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. இங்கே உருவான சாவியை வேறு சிஸ்டத்துக்குக் கொண்டு போயிருந்தால், அங்கேயும் அதே கதி. பலவீனமான சாவிகளின் பட்டியலைத் தயாரித்து, அவற்றை ஏற்காதே என்று கம்ப்யூட்டர்களுக்குச் சொல்லும்படி ஆயிற்று. பிழையைத் திருத்துவது வேறு, பிழையின் விளைவைத் திருத்துவது வேறு என்பதை நிர்வாகிகள் அப்போது உணர்ந்தார்கள்.

பார்ப்பவர்கள் அதிகமானால் பிழை ஒளிந்திருக்க முடியாது என்பது இந்த இயக்கத்தின் வேதவாக்கு. மாற்றிய வரி, புகார், கேள்வி, பதில் எல்லாம் பொதுவில் இருந்தும் 20 மாதம் அது பலிக்கவில்லை. பார்க்க முடியும் என்பதாலேயே யாரோ பார்த்திருப்பார்கள் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஏட்டுச்சுவடிகளைப் பெயர்த்தெழுதிய காலத்திலும் இந்த ஆபத்து இருந்தது. பொருள் புரியாத வரியை மிகை என்று விட்டுவிட்ட ஏடெழுதுவோரின் தொல்லை, பல பிரதிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்த உ.வே.சாமிநாதையருக்குத் தெரிந்திருக்கும். ஒப்பிட வேறு ஏடு இருந்தால்தான் விடுபட்டது தெரியும். டெபியனிலும் பழைய ஏடு பத்திரமாக இருந்தது. அதனால்தான் எந்த வரி, எந்தத் தேதியில், எந்தப் புகாருக்காக, யாரைக் கேட்டு நீக்கப்பட்டது என்று உலகத்தால் படிக்க முடிந்தது. மூலநிரலைப் பூட்டி வைக்கும் கம்பெனியாக இருந்தால் இத்தனை விவரம் வெளியே வந்திருக்குமா என்பது சந்தேகமே.

கூர்ந்து பார்க்க ஒருவர் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. இந்த முறை நடந்தது சதி. எக்ஸ்.இசட் என்ற, ஃபைல்களைச் சுருக்கும் புரோகிராமின் பராமரிப்பில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் படிப்படியாக நம்பிக்கை பெற்று, 2024 தொடக்கத்தில் அதற்குள் ஒரு கள்ளக் கதவை வைத்தார். மைக்ரோசாஃப்ட் இன்ஜினியர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் வேறு ஒரு சோதனையில் ஈடுபட்டிருந்தபோது, தமது டெபியன் கம்ப்யூட்டருக்குள் நுழைய சுமார் அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை விநாடிதானே என்று விட்டுவிடவில்லை. காரணத்தைத் தோண்டினார். 2024 மார்ச் 29 அன்று கதவு அம்பலமானது. டெபியனின் நிலையான வெளியீட்டை அது எட்டியிருக்கவில்லை. சிக்கியது சோதனைப் பிரிவுகளில். அவற்றில் ஒன்றின் பெயர் 'சிட்'. 'டாய் ஸ்டோரி' படத்தில் பொம்மைகளை உடைக்கும் சிறுவனின் பெயர் அது.

இந்தியாவுக்கு இது அந்நிய விவகாரம் அல்ல. கேரள அரசுப் பள்ளிகள் லினக்ஸில் பாடம் நடத்துகின்றன. டெபியன் உறுப்பினர்களின் வருடாந்திர மாநாடு 2023 செப்டம்பரில் கொச்சியில் நடந்தது. டெபியனைத் தமிழிலேயே நிறுவிக்கொள்ளலாம். அந்தத் தமிழில் பிழை இருந்தால் அதுவும் ஒரு 'பக்'தான். அதற்கும் ஓர் எண் உண்டு. புகார் எழுத புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. என்ன செய்தோம், என்ன எதிர்பார்த்தோம், என்ன நடந்தது என்று தெளிவாக நாலு வரி எழுதத் தெரிந்தால் போதும்.

இலவசமாகக் கிடைப்பதால் இந்த சிஸ்டங்களை வாங்கிப் போட்டுக்கொள்ளும் அலுவலகங்களும் பள்ளிகளும், கூடவே வருகிற இந்தக் கடமையைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. பேரேடு திறந்துதான் இருக்கிறது. புரட்டுவதற்கு ஆள் வேண்டும்.