ரோஜா முத்தையா காத்த சிறு பிரசுரங்கள்

கொலை வழக்கு, பஞ்சம், புயல், பெருவெள்ளம் என ஊரைக் குலுக்கிய செய்திகள் ஒரு காலத்தில் சிந்தாகவும் கும்மியாகவும் மலிவுத் தாளில் அச்சாகிச் சந்தைகளில் விற்றன. சென்னைக் குஜிலிக் கடைத்தெருவின் பெயரால் இவை குஜிலிப் பிரசுரங்கள் எனப்பட்டன. 1924இல் காவிரியிலும் கொள்ளிடத்திலும் புரண்ட பெருவெள்ளமும் சிந்துப் பாடலானது.

படித்ததும் எறிந்துவிடும் இத்தகைய தாள்களையும் நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் அரிய நூல்களோடு சேர்த்துக் காத்தவர், செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா. 1992இல் அவர் மறைந்தார். 1994இல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் இத்தொகுப்பை விலைக்கு வாங்கியது. ஆயினும் தமிழ்நாட்டிலேயே வைத்துப் பேண வழிசெய்தது. சென்னைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் எளிய மக்களின் வரலாற்றைத் தேடுவோர் இன்றும் இவற்றைப் படிக்கிறார்கள்.